வீடு பின்னால் நிற்கட்டும்: செட்டிநாட்டில் ஒரு சிறு குழுவின் போர்ட்ஃபோலியோ படப்பிடிப்பு

செட்டிநாட்டுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் வீடுகளைப் பார்த்து மயங்கித்தான் வருகிறார்கள். பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முகப்பின் உச்சியில் சுதையில் அமர்ந்திருக்கும் கஜலட்சுமி, தலைவாசலில் நின்றால் எல்லாக் கட்டுகளையும் தாண்டிப் பின்தெருவின் வெளிச்சம் வரை ஒரே நேர்க்கோட்டில் தெரியும் நிலைகள் என்று எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் ஒரு படம் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் படத்தில் ஆள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். திருமணத்துக்கு முன் எடுக்கும் ஜோடிப் படங்களுக்கு இது பெரிய குறையில்லை. அவர்களுக்கு வீடும் ஒரு நினைவுதான். போர்ட்ஃபோலியோ என்பது வேறு. ஒருவர் தம் முகத்தையோ கைத்திறனையோ முன்வைத்து வேலை கேட்பதற்கான தொகுப்பு அது. அதில் வீடு முந்திக்கொண்டு வந்து நின்றால், பார்ப்பவர் "எந்த ஊர்?" என்று கேட்பாரே தவிர, "யார் இந்தப் பெண்?" என்று கேட்க மாட்டார்.

காரைக்குடியில் இருந்துகொண்டு இத்தகைய படப்பிடிப்புகளை ஒருங்கிணைத்துக் கொடுப்பது என் வேலை. சென்ற தை மாதத்தில் நடந்த ஒரு வெளிப்புறப் படப்பிடிப்பைப் பற்றி, அதை எப்படித் திட்டமிட்டோம் என்று நண்பர்கள் சிலர் கேட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். தேவகோட்டையைச் சேர்ந்த, கல்லூரி முடித்துவிட்டு விளம்பரத் துறையில் மாடலாக முயலும் ஒரு பெண்; மதுரையில் இருந்து வந்த ஒரு புகைப்படக் கலைஞர்; காரைக்குடியில் மணப்பெண் அலங்காரம் செய்துவரும் ஓர் அக்கா. மூவருக்குமே தொகுப்பில் புதுப் படங்கள் தேவைப்பட்டன. மூவரிடமும் பெரிதாகப் பணம் இல்லை. எனவே யாரும் யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை, செலவை மட்டும் மூன்றாகப் பிரித்துக்கொள்வது, படங்களை மூவரும் பயன்படுத்திக்கொள்வது என்று பேசி முடிவு செய்தோம்.

இப்படிப் பேசி முடிவு செய்வதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். நான் ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையொப்பம் வாங்காமல் தேதி குறிப்பதில்லை. காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். பொதுவாக முதல் உரிமையாளரும் அவரே. ஆனால் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் பணமோ வேறு மதிப்புள்ள கைம்மாறோ கொடுத்துத் தமக்காகப் படம் எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் ஆகிறார். செலவைப் பகிர்ந்துகொள்ளும் எங்களைப் போன்ற குழுவில் யார் யாருக்குக் கைம்மாறு கொடுத்தார் என்பதே பின்னாளில் வழக்காகலாம். ஆகவே உரிமை புகைப்படக் கலைஞருக்கு, தம் தொகுப்பிலும் சமூக வலைத்தளங்களிலும் பயன்படுத்தும் அனுமதி மற்ற இருவருக்கும், எந்த வணிக நிறுவனத்துக்கும் விற்பதென்றால் மூவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் தேவை என்று எழுதிக்கொண்டோம். படம் வெளியாகும் இடமெல்லாம் மூவர் பெயரும் வர வேண்டும் என்பது அலங்கார அக்கா சேர்த்த வரி. அவர் சேர்த்தது நியாயம். இந்தத் தொழிலில் முதலில் விடுபட்டுப்போவது அலங்காரம் செய்தவரின் பெயர்தான்.

அடுத்தது இடம். வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் வியப்பாக இருக்கும், இங்கே ஒரு வீட்டுக்கு அனுமதி வாங்குவது என்பது ஒருவரிடம் வாங்குவதில்லை. வளவை, அதாவது முற்றமுள்ள உள்கட்டை, சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மகனின் வழிக்கு உரியவை. இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்தபின் ஒரே வீட்டில் பத்து இருபது புள்ளிகளுக்கு, அதாவது திருமணமான குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும். அவர்களில் ஒருவர் சென்னையில், ஒருவர் கோவையில், ஒருவர் சிங்கப்பூரில் என்று இருப்பார்கள். சாவி வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கும். சாவியை வைத்திருப்பவர் திறந்துவிட்டார் என்பதற்காக உள்ளே போய்ப் படம் எடுத்து, அது இணையத்தில் வந்தபின் பங்காளி ஒருவர் கண்ணில் பட்டு, பாவம், வாட்ச்மேனின் வேலைக்கு உலை வைத்த கதைகள் ஊரில் உண்டு. நாங்கள் கானாடுகாத்தான் பக்கம் பார்த்துவைத்திருந்த வீட்டில் நடுத்தர அளவு முகப்பும், நல்ல முற்றமும், முக்கியமாகப் பக்கவாட்டில் நெடுஞ்சுவரும் சந்தும் இருந்தன. அந்த வீட்டில் பாதிக்கு மேல் பங்குள்ள மூன்று பேரிடமும் வாட்ஸ்அப்பில் தனித்தனியே அனுமதி கேட்டு, எத்தனை பேர் வருவோம், எந்தெந்தப் பகுதியில் எடுப்போம், படங்கள் எங்கே வெளிவரும் என்பதை எழுதி அனுப்பினேன். அந்த மூவரில் சிங்கப்பூரில் இருப்பவர் உடனே அழைத்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சாமி அறைப் பக்கம் போக மாட்டீங்கள்ல?" போக மாட்டோம் என்றேன். அதையும் சேர்த்து எழுதச் சொன்னார், எழுதினேன்.

வீட்டுக்காரர்கள் கேட்காவிட்டாலும் நாங்களாகவே வைத்துக்கொண்ட சில கட்டுப்பாடுகள் உண்டு. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் பளிங்குபோல் தேய்த்த அந்தச் சுவர்களில் எந்த வகை டேப்பும் ஒட்டக் கூடாது. பிரிக்கும்போது பூச்சின் மேல்தோல் ஒரு நகத்தளவு பெயர்ந்தாலும் அதை இன்று பழையபடி பூசித் தருவதற்கு ஆள் கிடைப்பது அரிது. லைட் ஸ்டாண்டின் கால்களுக்குப் பழைய காலுறை மாட்டிக் கட்டிவிட வேண்டும். தரையில் எதையும் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் உறுதியானதுதான். ஆனால் அது சூளையில் சுட்ட ஓடு அன்று. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த கல். அதன் பளபளப்பு பல ஆண்டுக் காலடியில் ஏறியது. இரும்புக் கால் ஒன்று கிழித்த கோடு அதில் நெடுங்காலம் தெரியும்.

கோயில்களைப் பற்றிய யோசனையை முதலிலேயே விட்டுவிட்டோம். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைபேசிக்கே தடை விதிக்கச் சொல்லிவிட்ட நிலையில், அலங்காரமும் லைட்டுமாக உள்ளே போவது நினைத்துப் பார்க்கக்கூடியதில்லை. திருமயம் கோட்டை புகைப்படக் கலைஞரின் ஆசை. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். முக்காலியும் குழுவுமாகத் தொழில்முறையில் எடுக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் தொகுப்புக்கு அந்தப் பாறையும் மதிலும் அவசியமில்லை என்று நான் சொன்னேன். கொஞ்சம் முகம் சுளித்தார், ஒப்புக்கொண்டார்.

தேதியைக் குறிப்பதற்குக் கேமராக்காரர்கள் வானிலையைப் பார்க்கிறார்கள். செட்டிநாட்டில் பஞ்சாங்கத்தையும் பார்க்க வேண்டும். மூடிக் கிடக்கும் வீடுகள் எல்லாம் முகூர்த்த நாட்களில் திறக்கும். அன்று பந்தலும் பாத்திரமும் உறவுக் கூட்டமுமாக இருக்கும் இடத்தில் நமக்கு வேலை இல்லை. மார்கழியில் கல்யாணம் கிடையாது, காலையில் மெல்லிய பனி இருக்கும், ஒளி பால் கலந்தது போல் இறங்கும். படம் எடுப்பதற்கு ஆண்டிலேயே சிறந்த மாதம் அதுதான் என்பது என் கருத்து. ஆனால் டிசம்பர் கடைசியில் சுற்றுலாக் கூட்டம் தெருவை நிறைத்துவிடும். எங்கள் பெண்ணுக்குத் தேர்வு ஒன்று இருந்ததால் தை மாதத்துக்குத் தள்ளினோம். தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் புறப்படும் நாட்களையும், சிராவயலில் மஞ்சுவிரட்டு நடக்கும் நாளையும் தவிர்த்து, முகூர்த்தமில்லாத ஒரு வாரநாளைத் தேர்ந்தெடுத்தேன்.

இனி ஒளி. இணையத்தில் படித்துவிட்டு வருகிற இளைஞர்கள் "கோல்டன் அவர்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள்; சூரியன் ஏறத்தாழ 6 பாகை உயரத்துக்குள் தாழ்ந்திருக்கும் பொன்னொளி நேரம் அது. ஒரு மணி நேரம் என்ற அந்தப் பேச்சு, சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறும், பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே உள்ள நாடுகளுக்குத்தான் பொருந்தும். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் அடிவானத்தை விட்டுக் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறுவதால் 6 பாகை உயரத்தைத் தொடுவதற்கு அரை மணி நேரம்கூடப் பிடிப்பதில்லை. ஆகவே நமக்கு வாய்ப்பது பொன்னான அரை மணி நேரம்தான். தை மாதத்தில் சூரிய உதயம் சுமார் 6.35க்கு. கீழ்வானில் மரமோ வீடோ மறைத்தால் அதிலும் பத்து நிமிடம் போகும். அந்த நேரத்துக்குப் பெண் அலங்காரம் முடிந்து இடத்தில் நிற்க வேண்டுமென்றால் அலங்காரம் நாலரைக்குத் தொடங்க வேண்டும். அதற்கு அக்கா நான்கு மணிக்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். எந்தப் படப்பிடிப்பின் கால அட்டவணையையும் சூரியனில் தொடங்கிப் பின்னோக்கி எழுதுவதுதான் என் வழக்கம்.

ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்கு வடக்கே போய்விடுகிறது. அதாவது சித்திரை ஆனியில் கிழக்கு மேற்காக ஓடும் சந்தில் வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி நிழல் கிடைக்கும். தை மாதத்தில் அதே வீட்டின் வடக்குச் சுவர்ப் பக்கம் போக வேண்டும். செட்டிநாட்டு வீடுகள் பலவும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீளத்தில் கட்டப்பட்டவை. அவற்றின் பக்கவாட்டுச் சந்துகள் நிழலுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். கோடையில் வந்து இடம் பார்த்துவிட்டுத் தையில் எடுக்க வருகிறவர்கள், அன்று பார்த்த நிழல் எங்கே போயிற்று என்று விழிப்பதை நான் கண்டிருக்கிறேன். இடம் பார்ப்பதென்றால் எடுக்கப்போகும் அதே பருவத்தில், அதே மணிக்கு வந்து பார்க்க வேண்டும்.

குழுவில் எங்கள் எண்ணிக்கை ஆறு. பெண், அவருடைய அம்மா, புகைப்படக் கலைஞர், அலங்கார அக்கா, ரிஃப்ளெக்டர் (ஒளியைத் திருப்பிவிடும் தட்டு) பிடிக்க உள்ளூர்த் தம்பி ஒருவன், நான். ஓட்டுநரைச் சேர்த்தால் ஏழு. அம்மா வந்தது சும்மா துணைக்கு அல்ல. அவர் வர வேண்டும் என்று கேட்டது நான். புதிதாக இந்தத் துறைக்கு வரும் எந்தப் பெண்ணுடனும் அவர் நம்பும் ஒருவர் படப்பிடிப்பு முழுவதும் இருக்க வேண்டும், உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை இருக்க வேண்டும், கழிப்பறை நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பவை நான் விட்டுக்கொடுக்காதவை. அதே சமயம் ஏழு பேரைத் தாண்டினால் தெருவில் கூட்டம் கூடிவிடும், வீட்டுக்காரருக்கும் சினிமா வந்துவிட்டது என்ற எண்ணம் வந்துவிடும். சினிமா என்றால் வாடகையும் பேச்சும் வேறு.

உடையில் நாங்கள் நெடுநேரம் வாதிட்டோம். செட்டிநாட்டில் எடுப்பதால் கண்டாங்கிச் சேலை இல்லாமல் எப்படி என்று அக்கா கேட்டார். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் அதன் மேல் எல்லோருக்கும் ஒரு கண். கட்டம் பெரிது, கரை அகலம், நிறங்கள் அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று அழுத்தமானவை. சிக்கல் என்னவென்றால் அரக்குச் சேலை செம்மண்ணிலும் சிவப்புத் தரையிலும் கரைந்துவிடும். முகமும் கையும் மட்டும் தனியே மிதக்கும். எனவே கடுகு மஞ்சளில் கறுப்புக் கட்டமிட்ட ஒன்றை வெள்ளைச் சுவருக்காக எடுத்தோம். அதுபோக ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு கறுப்பு ஜீன்ஸ், நிறமே இல்லாதது போன்ற ஒரு பருத்திக் குர்தா. விளம்பர முகவர்கள் முதலில் கேட்பது அலங்காரம் வெளியே தெரியாத முகம்: நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று. அதற்குக் கண்டாங்கியும் வேண்டாம், தேக்குத் தூணும் வேண்டாம். ஒரு வெற்றுச் சுவர் போதும். இந்தப் படங்களைத்தான் அன்றைக்கு முதலில் எடுத்தோம். மற்றவர்கள் கடைசியில் களைத்துப்போய் எடுப்பதை, பெண் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அந்தச் சந்தில், வீட்டின் வடக்குச் சுவர் ஓரத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிழல், எதிர்ப்புறத்தில் வெயில் படும் வெள்ளைச் சுவர், மேலே திறந்த வானம். ஒளி எல்லாப் பக்கமிருந்தும் வந்ததால் முகத்தில் மேடும் பள்ளமும் இல்லாமல் தட்டையாகத் தெரிந்தது. புதியவர்கள் இங்கே இன்னும் ஒரு ரிஃப்ளெக்டரைத் தூக்குவார்கள். எங்கள் கலைஞர் தெர்மாகோல் அட்டையின் ஒரு பக்கத்தில் கறுப்புச் சார்ட் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். அதைப் பெண்ணின் இடது கன்னத்துக்கு இரண்டடி தள்ளி, படத்தில் விழாதபடி தம்பி பிடித்தான். அவ்வளவுதான், அந்தப் பக்கத்து ஒளியைக் கறுப்பு விழுங்கிக்கொள்ள, கன்ன எலும்பும் தாடைக் கோடும் எழுந்து வந்தன. கீழே செம்மண் தரையிலிருந்து எழும்பிய சிவப்பு, தாடைக்கு அடியில் லேசாகப் படிந்திருந்தது. அதற்கு வாட்ச்மேன் அண்ணனிடம் ஓர் எட்டு முழ வெள்ளை வேட்டியைக் கேட்டு வாங்கிப் பெண்ணின் காலடிக்கு முன்னால் விரித்தோம். சிவப்பு மறைந்தது, கண்ணுக்குக் கீழிருந்த நிழலும் குறைந்தது. "என் வேட்டிக்கும் பேரு போடுவீகளா?" என்று அண்ணன் கேட்டார்.

வெள்ளைச் சுவரின் முன்னால் கேமராவின் மீட்டரை (ஒளியை அளக்கும் கருவியை) நம்பக் கூடாது என்பதைத் தெரிந்தவர்களும் மறந்துவிடுகிறார்கள். காட்சி முழுவதையும் நடுச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு அது ஒளியைக் குறைத்துவிடும். கறுத்த முகம் மேலும் கறுக்கும். முகப்பின் இருண்ட தேக்குக் கதவின் முன்னால் அதுவே தலைகீழாகி, முகத்தை வெளுக்க வைத்துவிடும். முகத்தின் அருகே சாம்பல் அட்டையைப் பிடித்து ஒளியை அளந்து, அந்த இடம் மாறும்வரை மேனுவலிலேயே, அதாவது நாமே வைத்த அளவிலேயே, எடுப்பது எளிது. அக்காவும் தம் பங்குக்கு ஒன்று செய்தார். சிலிக்கா கலந்த வெள்ளைப் பவுடரைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஃபிளாஷ் அடித்தால் அது முகத்தில் திருநீறு பூசியதுபோல் தெரியும். வியர்வையை ஒற்றியெடுக்க மெல்லிய தாள் மட்டும் போதும் என்றார்.

பத்து மணிக்கு மேல் வெளியே நிற்க முடியாது. அந்த வெயிலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100 என்றால், ஷட்டர் நொடியில் 200இல் ஒரு பங்கு திறந்திருக்கும்போது அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 11 அளவுக்குச் சுருங்கிவிடும். பல கேமராக்களில் ஃபிளாஷோடு சேர்ந்து வேலை செய்யும் ஷட்டர் வேகத்தின் எல்லையும் ஏறத்தாழ அதுதான். எஃப் 11இல் பின்னாலுள்ள வீடு அங்குலம் அங்குலமாகத் தெளிந்து, ஒவ்வொரு சுதைச் சிற்பமும் எட்டிப் பார்க்கும். அதைக் கலங்கலாக்கத் துளையைப் பெரிதாக்கி எஃப் 2.8க்கு வர வேண்டுமென்றால், 4 ஸ்டாப் ஒளியைத் தடுத்து 16இல் ஒரு பங்கை மட்டும் விடும் ஃபில்டரோ, அந்த ஷட்டர் எல்லையைத் தாண்டியும் வேலை செய்யும் அதிவேக சிங்க் வசதியுள்ள ஃபிளாஷோ வேண்டும். இரண்டையும் சுமப்பதைவிட நிழலுக்குள் போவது மேல் என்று வளவுக்குள் நுழைந்தோம். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், தூணுக்கு ஓரடி உள்ளே, முற்றத்தைப் பார்த்தபடி நிற்கும் முகத்தின் மேல் விழும் ஒளியை, விளக்கொளியை மென்மையாக்கும் எந்த சாஃப்ட்பாக்ஸும் தராது. 85 மி.மீ. லென்ஸில் எஃப் 2க்கு வைத்தபோது, பின்னால் இரண்டாம் கட்டின் நிலையும் அதற்கப்பால் பின்வாசல் வெளிச்சமும் வெறும் செவ்வகங்களாயின. வீடு இருக்கிறது என்று தெரிகிறது. எது என்று தெரியவில்லை. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

ஒரு தொந்தரவு: பதினொரு மணிக்குமேல் முற்றத்தின் தரையில் நேர் வெயில் இறங்கி, அங்கிருந்து பட்டுத் திரும்பி, முகத்தில் கீழிருந்து மேல்நோக்கி ஒளி அடிக்கத் தொடங்கும். டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக் குழந்தைகளைப் பயமுறுத்துகிற விளக்கு அது. வீட்டிலிருந்த நீல ஜமுக்காளத்தை வாங்கி வெயில் விழுந்த இடத்தின் மேல் விரித்தோம். வெயில் நகர நகரத் தம்பி ஜமுக்காளத்தையும் நகர்த்திக்கொண்டே போனான். அந்த வீட்டில் தங்கியிருக்கும் ஆச்சி திண்ணையில் இருந்து எழுந்து வந்து இதையெல்லாம் பார்த்தார். "தம்பி, அந்தப் பிள்ளைய மார்பிள்ல கொலுசோட ஓடச் சொல்லாதீக, வழுக்கி விட்டுரும். காலையில இருந்து நிக்குதே, யாராச்சும் சோறு போட்டாகளா?" என்றார். ஐந்து மணிக்கு இட்டிலி சாப்பிட்டதோடு சரிதான். ஆச்சி வெள்ளைப் பணியாரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். எண்ணெய் உதட்டுச் சாயத்தை அழிக்குமே என்று அக்கா என்னைப் பார்த்தார், நான் ஆச்சியைப் பார்த்தேன், பணியாரமே வென்றது. அடுத்த அரை மணி நேரம் சாயம் மீண்டும் தீட்டுவதில் போயிற்று. கால அட்டவணையில் இத்தகையவற்றுக்கென்று நான் விட்டுவைக்கும் இடைவெளி அதைத் தாங்கிக்கொண்டது.

மாலையில் ஊருணிப் படித்துறைக்குப் போனோம். செம்புறாங்கல் படிகள், மழைக்குப்பின் தேங்கிய தண்ணீர், மேற்கே திறந்த வானம். குடிநீர் ஊருணியில் காலை நனைக்கக் கூடாது, செருப்போடு படியிறங்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. வெளியூர்க் குழுக்கள் தண்ணீருக்குள் இறங்கிச் சேலையை விரித்துப் படம் எடுத்து, ஊரார் சத்தம் போட்டு அனுப்பியதுண்டு. நாங்கள் முந்திய நாளே கரையோரத் தேநீர்க் கடையில் சொல்லி, குடிக்கப் பயன்படுத்தாத வேறோர் ஊருணியைக் காட்டச் சொல்லியிருந்தோம். பள்ளி விட்டு வந்த பையன்கள் கூடினார்கள். அவர்களில் மூத்தவனிடம் வெள்ளை ரிஃப்ளெக்டரைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னதும் மற்றவர்களை அவனே ஓரமாக உட்காரவைத்தான். சூரியன் மறைந்தபின் இங்கே இருபது நிமிட வெளிச்சம்தான் மிஞ்சும். கண்டாங்கிப் படங்களை அந்த இருபது நிமிடத்தில் முடித்தோம்.

படங்களை அன்றிரவே இரண்டு வட்டுகளில் ஏற்றி, ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். தேர்வுக்கு ஒரு வாரம் பிடித்தது. கலைஞர் விரும்பியவற்றில் பாதி, வீட்டுக்காகவே அவர் விரும்பியவை என்பது மூவரும் சேர்ந்து பார்த்தபோது வெளிப்பட்டது. முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்ப்பது என் சோதனை: மறைத்தபிறகும் படம் நன்றாகவே இருந்தால், அது போர்ட்ஃபோலியோவுக்கு உரியதில்லை. அப்படிக் கழித்ததில் 15 மிஞ்சின. தோல் நிறத்தைக் கணினியில் வெளுக்கும் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. பெண்ணின் அம்மா மட்டும் தயங்கியபடி, "கொஞ்சம் பளிச்சுனு..." என்று தொடங்கினார். முகவர் அலுவலகத்தில் நேரில் போய் நிற்கும்போது படத்தில் உள்ளவர்தான் நிற்க வேண்டும் என்று விளக்கியபின் ஒப்புக்கொண்டார். பருவை நீக்கினோம், மச்சத்தை விட்டுவைத்தோம்.

வீடு நன்றாகத் தெரியும் படங்களை, தொகுப்பிலிருந்து கழித்தவற்றைத்தான், பங்காளிகள் மூவருக்கும் ஆச்சிக்கும் அனுப்பினோம். சென்னையில் இருக்கும் இருவரும் நன்றி சொன்னார்கள். சிங்கப்பூர்க்காரர் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, மேல்மாடிக் கைப்பிடிச் சுவரின் மூலையில் விரிசல் தெரிகிறதே, எப்போது வந்தது என்று கேட்டார். அங்கேயே இருக்கும் வாட்ச்மேன் அண்ணனுக்கும் அது தெரியாது. விரிசலை மட்டும் நெருங்கி நாலைந்து படங்கள் எடுத்து அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை நானே போய் என் கைபேசியிலேயே எடுத்து அனுப்பிவிட்டு வந்தேன்.